எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் யந்திரம்

கணினியின் இயங்குதளம், உடைமையாளர் கொடுத்த கோப்புகளை அடுக்கி வைப்பதும் கேட்டபோது எடுத்துத் தருவதுமே தன் கடமை என்றிருந்த காலம் போய், அக்கோப்புகளைத் தானே திறந்து வாசித்து, வாசித்ததைக் குறித்து வைத்து, திரையில் தோன்றுபவற்றையெல்லாம் சில விநாடிகளுக்கொருமுறை படம்பிடித்துச் சேமிக்கவும் முற்படுகிற காலம் வந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் ஸ்தாபனம் 2024 மே 20ஆந் திகதி இவ்வாறு திரையைப் படம்பிடிக்கும் ‘ரீகோல்’ என்னும் வசதியை அறிவித்தபோது பல தேசங்களிலும் எழுந்த ஆட்சேபமும், அதன் விளைவாக அவ்வசதி நிறுத்தி வைக்கப்பட்டுத் திருத்தங்களுக்கு உள்ளாகி 2025 ஏப்ரல் 25ஆந் திகதி பொதுப் பாவனைக்கு வெளியிடப்பட்டதும் கணினித் துறையில் உள்ளோர் நன்கறிந்தவை. அத்திருத்தங்கள் போதுமா என்ற கேள்விக்கு, தனக்கென ஒரு கணினியும் தனக்கென ஓர் அறையும் உடைய மனிதர் சொல்லக்கூடிய விடை ஒன்று. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளில், ஒரே கணினியின் முன் நாள் முழுவதும் ஊரார் வந்து அமர்ந்து எழும் கடைகளில் சொல்லவேண்டிய விடை மற்றொன்று. அவ்வசதி அமைந்த மடிக்கணினி ஒன்றை அத்தகைய கடையொன்றில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்து எழுதுவதே இக்கட்டுரை.

‘கொமினிகேஷன்’ என்று நம்மவர் வழங்கும் இக்கடைகளின் சரித்திரம் சிறியதேயாயினும் அவற்றின் சேவை பெரியது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத நாட்களில் வெளிநாட்டு அழைப்புக்காகத் தோன்றி, பின்பு போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் என்று தொழிலை விரித்துக்கொண்டு, இன்று பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் போகிற ஒவ்வொரு ஏழை மனிதரும் முதலில் ஏறியிறங்கும் படிகளாக அவை விளங்குகின்றன. காலையில் கப்பல் முகவர் ஒருவரின் மாலுமிப் பட்டியலும் கடவுச்சீட்டுப் பிரதிகளும், அதன்பின் மூதூரிலிருந்து படகேறி வந்தவரின் காணி உறுதியும், மாலையில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகவிருக்கும் பெண்ணின் வைத்திய அறிக்கையும் அங்கே ஒரே திரையில் தோன்றி மறைகின்றன. யுத்தமும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் மூலப் பத்திரங்களைக் கொண்டுபோய்விட்ட இம்மாவட்டத்தில், பிறப்புச் சான்றிதழ் முதல் மரணச் சான்றிதழ் வரை மறுபடி பெறுவதற்காக எழுதப்பட்ட மனுக்களின் தொகை எவராலும் கணக்கிடக்கூடியதன்று.

நான் பரிசோதனைக்காகச் சென்றிருந்த கடையில், ஒரு முதிய தாயார் காணாமற்போன தம் மகனைக் குறித்த சத்தியக் கடதாசியைத் தட்டச்சுச் செய்வித்துக்கொண்டிருந்தார். அது அந்தக் கடையின் பழைய கணினி. நான் கொண்டுபோன புதிய யந்திரம் அன்று. ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் சும்மா இருந்து, “அந்தப் பேரை எடுத்துவிடு மகள், அது வேண்டாம்” என்றார். தட்டச்சுச் செய்யும் பெண் அதை நீக்கினாள். வேலை முடிந்து தாள் கைக்கு வந்தபின் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள கிடக்குமோ?” “இல்லையம்மா, பிரின்ட் எடுத்த உடனே அழிச்சுப்போடுவன்” என்று அவள் சொன்னதும், சொன்னபடியே அழித்ததும் என் கண்முன் நடந்தவை. அந்தச் சொல்லை அவள் புதிய யந்திரத்தின் முன் அமர்ந்தும் அதே உறுதியோடு சொல்ல முடியுமா என்பதையே நான் முதன்மையாக ஆராய்ந்தேன்.

புதிய யந்திரம் இக்கடைகளுக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது; அதற்கடுத்த பதிப்பு, ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் கடைக்காரருக்கு. அப்படி வாங்கப்படுபவற்றுள், ‘கோபைலட் பிளஸ்’ என்ற பெயரோடு விற்கப்படும் உயர்ந்த ரக மடிக்கணினிகளில்தான் ரீகோல் இயங்கும். அதற்குக் குறைந்தது 16 ஜிபி நினைவகமும், 256 ஜிபி சேமிப்பிடமும், விநாடிக்கு 40 இலட்சம் கோடி கணிப்புகளைச் செய்யவல்ல தனி நுண்செயலியும் வேண்டும். சேமிப்பிடத்தில் 50 ஜிபி காலியாக இருந்தாலன்றி அது தொடங்குவதில்லை. காலியிடம் 25 ஜிபிக்குக் கீழே போனால் படம்பிடிப்பதைத் தானே நிறுத்திக்கொள்கிறது.

யந்திரத்தை முதன்முறை தொடக்கும்போது, படங்களைச் சேமிக்கலாமா என்று அது கேட்கிறது. சம்மதம் சொன்னால் மட்டுமே சேமிப்பு ஆரம்பமாகிறது. இது முதலில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் இருக்கவில்லை. ஆட்சேபத்தின் பலனாகக் கிடைத்தது. சம்மதித்தபின் பணித்தட்டின் மூலையில் ஒரு சிறு குறி தோன்றி, படம்பிடித்தல் நடைபெறுகிறது என்பதை அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. அக்குறியை அழுத்திச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கவும் இயலும். குறிப்பிட்ட செயலிகளையும் இணையத்தளங்களையும் விலக்கலாம். உலாவியின் அந்தரங்கச் சாளரங்கள் தாமாகவே விலக்கப்படுகின்றன. வேலை செய்கையில் யந்திரம் தாமதப்படவோ சூடேறவோ இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

பயன் என்று பார்த்தால், அதுவும் மெய்யானதே. இரண்டொரு நாளைக்கு முன் எங்கோ பார்த்த ஒரு கப்பல் அட்டவணையை, எந்தக் கோப்பில், எந்தத் தளத்தில் என்று நினைவில்லாத நிலையில், ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை இட்டுத் தேடியபோது அந்தப் பக்கமே படமாக வந்து நின்றது. காலக்கோட்டைப் பின்னோக்கி இழுத்தால், காலையில் திறந்த கடிதம், அதற்கு முன் பார்த்த புகைப்படம், அதற்கும் முன் வாசித்த செய்தி என்று அன்றைய உழைப்பு முழுவதும் வரிசையாக எழுந்துவருகிறது. ஞாபகமறதியால் அல்லற்படும் ஒரு பேராசிரியருக்கோ, பல நூறு ஆவணங்களை ஒப்பிட்டு எழுதும் சட்டத்தரணிக்கோ இது அருமையான துணை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே காலக்கோட்டில் நான் வேறொன்றையும் பார்த்தேன். கற்பனைப் பெயர்களை இட்டு ஒரு சத்தியக் கடதாசியை ‘வேர்ட்’ செயலியில் தமிழில் எழுதி, நடுவே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, சில நிமிஷங்களுக்குப் பின் அதை நீக்கி, ஆவணத்தை அச்சிட்டு, கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன். பின்பு ரீகோலைத் திறந்து பின்னோக்கிச் சென்றபோது, எழுதப்பட்ட கடதாசி படிப்படியாகப் படங்களில் நின்றது. நீக்கிய வாக்கியமும், நீக்குவதற்கு முன் இருந்த நிலையில் முழுமையாக நின்றது. கோப்பு போய்விட்டது, கோப்பின் சாயல் போகவில்லை. அந்தத் தாயார் “எடுத்துவிடு” என்று சொன்ன பெயர் இந்த யந்திரத்தில் எழுதப்பட்டிருந்தால், எடுத்ததன் பின்னும் அது இருந்திருக்கும்; அழிச்சுப்போடுவன் என்று சொன்ன பெண், தன் அறிவுக்கெட்டியவரை மெய் சொல்லியும், பொய் சொன்னவளாகியிருப்பாள்.

படங்கள் எங்கே இருக்கின்றன, யார் பார்க்கக்கூடும் என்பது அடுத்த விசாரணை. 2024 யூன் மாதத்தில், அப்போதிருந்த முன்னோட்டப் பதிப்பை ஆராய்ந்த கெவின் போமொன்ட் என்னும் பாதுகாப்பு வல்லுநர், படங்களிலிருந்து வாசிக்கப்பட்ட எழுத்துகள் யாவும் மறைகுறியாக்கம் எதுவுமின்றி ஒரு சாதாரணத் தரவுத்தளத்தில் கிடப்பதை எடுத்துக்காட்டினார்; அலெக்சாண்டர் ஹேகெனா என்பவர் அவற்றை ஒரு நொடியில் வாரியெடுக்கும் சிறு கருவியொன்றை எழுதி வெளியிட்டார். அதன்பின்னரே மைக்ரோசொஃப்ட் விழித்தெழுந்து, அத்தரவுகளை மறைகுறியாக்கி, இயங்குதளத்தின் மற்றப் பகுதிகளும் தொடமுடியாத தனி அரணுக்குள் வைத்து, அதன் திறப்பைப் பாதுகாப்புச் சில்லோடும் உடைமையாளரின் முகம் அல்லது கைரேகையோடும் பிணைத்தது. படங்கள் யந்திரத்தை விட்டு வெளியே போவதில்லை என்றும், தான் அவற்றைப் பார்ப்பதில்லை என்றும் அந்த ஸ்தாபனம் உறுதி கூறுகிறது. இன்றுள்ள அமைப்பு முன்னதைவிட மிகவும் மேலானது என்பதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

எனினும் முகமோ கைரேகையோ பதிவான பின்பு, அவை வாய்க்காத வேளையில் ரகசிய இலக்கத்தைக் கொண்டும் ரீகோலைத் திறக்கலாம். தனி மனிதரின் யந்திரத்தில் அது ஒரு சௌகரியம். கொமினிகேஷன் கடையிலோ அந்த இலக்கம், கடை வாசலின் ஆணியில் தொங்கும் திறப்பைப்போல, உரிமையாளர் முதல் விடுமுறைக்கு வேலைக்கு வரும் பாடசாலைப் பையன் வரை எல்லார் கையிலும் இருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் கடை நடவாது. இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டிய அரண் அங்கே ஓரிரு நாளில் பயனற்றுப் போகிறது. இதைக் குற்றமென்று கடைக்காரர்மேல் சுமத்துவது அநியாயம். ஒரு கணினிக்கு ஒரே மனிதர் என்ற அனுமானத்தின்மேல் யந்திரத்தைக் கட்டியவர்கள், உலகின் பெரும்பகுதி அப்படி வாழவில்லை என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அதனினும் கனமான விஷயம் சம்மதம். யந்திரம் கேட்பது அதன் உடைமையாளரின் சம்மதத்தை. மேசைக்கு இப்புறம் அமர்ந்து, தன் அடையாள அட்டையை நீட்டி, தன் கணவனின் கடனையும் தன் மகளின் நோயையும் சொல்லிக்கொண்டிருப்பவரை அது கேட்பதில்லை, கேட்க வழியுமில்லை. பணித்தட்டின் மூலையிலுள்ள குறி தட்டச்சுச் செய்பவருக்குத் தெரியும், எதிரே இருப்பவருக்குத் தெரியாது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், பிரித்தானியரின் கீழைக் கடற்படை இத்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தபோதும், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இதன்மேல் குண்டு பொழிந்த நாட்களிலும், இலங்கையின் தபால்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. ஆனால் திறக்கப்பட்ட கடிதத்தின் விளிம்பில், தணிக்கையாளர் திறந்தார் என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அன்னிய ஆட்சி யுத்த காலத்தில் காட்டிய அந்த அளவு மரியாதைகூட, சமாதான காலத்தில் சத்தியக் கடதாசி எழுதவரும் மூதாட்டிக்குக் கிடைக்கவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். ரீகோலின் தேடும் ஆற்றல் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜேர்மன், ஜப்பானியம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளுக்கென்றே செம்மைப்படுத்தப்பட்டதாக மைக்ரோசொஃப்ட் கூறுகிறது. தமிழும் சிங்களமும் அதில் இல்லை. ஆனால் படம்பிடிப்பதற்கு மொழி வேண்டியதில்லை. ஆகவே தமிழில் எழுதுபவருக்குத் தேடும் நன்மை குறைவு, சேமிக்கப்படும் அபாயம் முழுமை. கடவுச்சொல், கடன் அட்டை இலக்கம், அடையாள இலக்கம் முதலியவற்றைக் கண்டால் படத்தைச் சேமிக்காமல் விடும் வடிகட்டி ஒன்று உண்டு. அது பூரணமானதன்று என்பதை அதன் ஆக்கியோரே ஒப்புக்கொள்கின்றனர். 2024 டிசம்பரில் ‘டொம்ஸ் ஹார்ட்வெயார்’ ஏடு அதைச் சோதித்தபோது, நோட்பேடில் எழுதிய கடன் அட்டை இலக்கத்தை அது தப்பவிட்டுப் படமாகச் சேமித்தது. ஆங்கிலத்தில் எழுதிய அட்டை இலக்கத்தையே தப்பவிடும் வடிகட்டி, ஒன்பது இலக்கமும் ஓரெழுத்தும் கொண்ட நம் பழைய அடையாள அட்டை இலக்கத்தையும், 12 இலக்கம் கொண்ட புதியதையும், தமிழ் வசனத்தின் நடுவே கண்டு விலக்கும் என்று நம்பியிருப்பது விவேகமாகாது.

கடைகளில் இன்னும் ‘பாமினி’ எழுத்துரு வழக்கொழியவில்லை. பாமினியில் எழுதிய கடிதம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே இருக்கிறது. ‘அ’ என்று நாம் வாசிப்பதைக் கணினி ‘எம்’ என்று வைத்திருக்கிறது. ஆதலால் விண்டோஸின் சாதாரணத் தேடற் சுட்டி அக்கடிதங்களைத் தமிழ்ச் சொல்லால் கண்டுபிடிப்பதில்லை. தேடலுக்கு அகப்படாததால் இரகசியம் காக்கப்படுகிறதென்று சில கடைக்காரர்கள் ஆறுதல் கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஆறுதலுக்கு ரீகோலின் முன் இடமில்லை. திரையில் மனிதக் கண் வாசிக்கக்கூடியது எதுவோ அதுவே படத்தில் இருக்கிறது.

கோப்புகளை வாசிக்கும் எல்லாச் செயல்களையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டிப்பது என் நோக்கமன்று. மேற்சொன்ன தேடற் சுட்டி, ஆவணங்களைத் திறந்து சொற்களைக் குறித்து வைத்தாலும், குறிப்பை யந்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. எந்தக் கோப்புறைகளைச் சுட்டவேண்டும் என்று நாமே வரையறுக்கலாம். ‘டிஃபென்டர்’ என்னும் வைரஸ் காவல், திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் பரிசோதிக்கிறது. பலரின் பென்ட்ரைவ்கள் ஏறியிறங்கி, கோப்புறைகளையெல்லாம் குறுக்குவழிகளாக மாற்றிவிடும் அந்தப் பழைய தொற்றால் அவதிப்பட்ட எந்தக் கடைக்காரரும் அந்தச் சோதனையை வேண்டாமென்று சொல்லமாட்டார். அதில் கவனிக்க வேண்டியது, சந்தேகத்துக்குரிய கோப்பின் பிரதியைத் தானாகவே மைக்ரோசொஃப்டுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இயல்பாகவே இயங்குநிலையில் இருப்பதுதான். அந்தரங்கத் தகவல் இருக்கக்கூடும் என்று தோன்றினால் அனுப்புமுன் கேட்கும் என்கிறார்கள். கேட்கும் சாளரத்தை வாசிக்காமலே சரி என்று அழுத்தும் வழக்கம் நெரிசலான கடையில் இயல்பு. ஆதலால் அந்த ஒரு பொத்தானை அணைத்துவிடுவதே நலம். காவல் அதனால் நின்றுவிடாது.

ரீகோலைக் காட்டிலும் அதிகமாக எனக்குக் கவலை தந்தது ‘ஒன்ட்ரைவ்’ ஆகும். புதிய விண்டோஸ் 11 கணினியை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடக்கும்போது, மேசைத்திரை, ஆவணங்கள், படங்கள் என்ற மூன்று கோப்புறைகளும் இணையச் சேமிப்புக்குப் பிரதியெடுக்கப்படுவது 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, தனியே கேளாமலே நிகழத் தொடங்கியது. கோப்பின் பக்கத்தில் சிறு மேகமோ பச்சைச் சரிக்குறியோ தோன்றுவதைத் தவிர வேறு அறிவிப்பில்லை. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. காணி உறுதிகளும் கடவுச்சீட்டுகளும் ஸ்கேன் செய்யப்படும் கடையில் அது வெகு விரைவில் நிரம்பிவிடும், பின்பு பணம் கட்டும்படி அறிவிப்புகள் வரத் தொடங்கும். டேட்டாப் பொதி தீர்வதும் தனிச் செலவு. இணையச் சேமிப்புக்குப் போன படங்கள், சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைக் கண்டறியும் ‘போட்டோ டிஎன்ஏ’ போன்ற முறைகளால் பரிசோதிக்கப்படுகின்றன. அந்தக் குற்றம் கொடியது, அதைக் கண்டறிய முயல்வதை எவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். என் ஆட்சேபம் வேறு: கணினிக்குள் இருப்பது என் வசம், இணையத்தில் இருப்பது அவர்கள் வசம் என்று நாம் கொண்டிருந்த எல்லைக்கோடு, கேளாமலே கோப்புறையை இடம்பெயர்ப்பதால் அழிந்துபோகிறது.

அந்த எல்லைக்கோட்டைக் குறித்த பெரும் விவாதத்தை உலகம் ஒருமுறை நடத்தி முடித்திருக்கிறது. 2021 ஓகஸ்ட் 5ஆந் திகதி அப்பிள் ஸ்தாபனம், இணையச் சேமிப்புக்கு அனுப்பப்படும் புகைப்படங்களைத் தொலைபேசிக்குள்ளேயே ஒரு குற்றப்பட்டியலோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய 30 படங்கள் பொருந்தினால் மனிதப் பரிசீலனைக்கு அனுப்பும் முறையை அறிவித்தது. பட்டியலை இன்று சிறுவரைக் காக்க ஒருவர் தருவார், நாளை அரசியல் எதிரிகளைப் பிடிக்க ஓர் அரசாங்கம் தரும், யந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே என்று மறைகுறியியல் அறிஞர்கள் எடுத்துரைத்த நியாயத்துக்கு அந்தப் பெரிய ஸ்தாபனத்தால் திருப்தியான மறுமொழி கூற இயலவில்லை. அடுத்த மாதமே திட்டத்தை ஒத்திவைத்து, 2022 டிசம்பரில் கைவிட்டது. அந்த நியாயம் வெறும் ஊகமன்று என்பதற்கு வடகொரியாவின் ‘ரெட் ஸ்டார்’ இயங்குதளம் சாட்சி. அதன் 3.0ஆம் பதிப்பை ஆராய்ந்த இரண்டு ஜேர்மானியர் 2015 டிசம்பரில் ஹம்பேர்க் நகரில் விளக்கியபடி, பென்ட்ரைவிலுள்ள ஆவணங்களிலும் படங்களிலும் அந்தக் கணினிக்குரிய அடையாளத்தை அது இரகசியமாகப் பொறித்துவிடுகிறது. ஒரு கோப்பு எந்தெந்தக் கைகள் வழியாக வந்தது என்பதை அரசு பின்னால் தேடியறியலாம். வைரஸ் காவல் போன்ற தோற்றத்தில் அமைந்த ஒரு பகுதி, தடைசெய்யப்பட்டவற்றைத் தேடி அழிக்கிறது.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தகவலைக் குறித்த நோக்கத்துக்கே சேகரிக்கவேண்டும், அந்நோக்கம் முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்ற தத்துவங்களை வகுத்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கு விலக்கு உண்டு. கூலி பெற்றுப் பிறர் பத்திரத்தைத் தட்டச்சுச் செய்வது அந்த விலக்குக்குள் வராது என்பது என் வாசிப்பு. ஆனால் 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பின்தள்ளப்பட்டன. இதற்கு மாறாக, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நான்கு தசாப்தங்களுக்கு மேல் தாமதமின்றி நடைமுறையில் இருந்து வந்தது. சுற்றிவளைப்பில் வீட்டிலுள்ள புகைப்படக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, இவர் யார், அவர் யார் என்று கேட்கப்பட்ட நாட்களை இந்த மாவட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு நாள் கடைக் கணினி கைப்பற்றப்பட்டு, ரகசிய இலக்கத்தைச் சொல் என்று அதட்டப்பட்டால், அதற்குள் இருக்கப்போவது பல மாதங்களில் அங்கே வந்துபோன அத்தனை பேரின் வாக்குமூலங்களும் ஆகும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு எழுதப்படும் கடிதங்கள் அந்த வரிசையில் இருக்கக்கூடும் என்ற நினைவே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மாற்று வழியாக, கடையின் பழைய கணினியில் ‘லினக்ஸ் மின்ட்’ என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பார்த்தேன். விண்டோஸ் 11 ஏற்க மறுத்த அந்த யந்திரத்தில் அது தடையின்றி இயங்கியது. பாமினி எழுத்துருவையும் நிறுவ முடிந்தது. கணக்குத் திறக்கும்படி எவரும் வற்புறுத்துவதில்லை. சில அரச இணையப் படிவங்களும் அச்சுப்பொறியின் சாரதி மென்பொருளும் ஓரளவு தொல்லை தந்தன. கட்டற்ற மென்பொருள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது: 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த ‘உபுண்டு’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் பதிப்பு, நம் கணினிக்குள் நாம் தேடிய சொற்களை அமேசன் வணிகத்துக்காக வெளியே அனுப்பியது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சட் ஸ்டோல்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார், 2016இல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. ஆனால் அங்கே நிரலை எவரும் திறந்து பார்க்கலாம் என்பதால் குற்றம் வெளிப்பட்டது, திருத்தமும் நிகழ்ந்தது. விண்டோஸிலோ, ‘சிக்னல்’ என்னும் உரையாடற் செயலியை ஆக்கியோர், தங்கள் பாவனையாளரின் உரையாடலை ரீகோல் படம்பிடியாமல் தடுப்பதற்கு நேரான வழி கொடுக்கப்படாமையால், திரைப்படக் களவைத் தடுக்கும் உபாயத்தை 2025 மே மாதத்தில் இரவல் வாங்கவேண்டியிருந்தது.

என் தீர்ப்பு இது. தனக்கென்று ஒரு யந்திரமும், தன் கையை விட்டுப் போகாத ரகசிய இலக்கமும், தன்னுடைய கோப்புகள் மட்டுமே திறக்கப்படும் மேசையும் உள்ளவர், வேண்டுமானால் ரீகோலை வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வேலை செய்பவராயின் பயனும் அடைவார். பிறருடைய பத்திரங்கள் வந்துபோகும் கொமினிகேஷன், நொத்தாரிசு அலுவலகம், கப்பல் முகவர் நிலையம், மருந்தகம், பாடசாலைக் காரியாலயம் ஆகிய எதற்கும் அது உகந்ததன்று. மைக்ரோசொஃப்ட் செய்யவேண்டியது, பலர் பழகும் யந்திரம் என்று உடைமையாளர் குறித்தால் அவ்வசதியே தோன்றாதபடி ஓர் ஏற்பாட்டை அமைப்பதும், சம்மதம் கேட்கும் பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகத் தருவதும் ஆகும். அது வரும்வரை காத்திராமல், புதிய யந்திரம் வாங்கும் கடைக்கார அண்ணன்மாருக்கும் தட்டச்சுச் செய்யும் தங்கச்சிமாருக்கும் என் வேண்டுகோள்: பெட்டி பிரித்த அன்றே, வாடிக்கையாளரின் முதல் தாள் திரைக்கு வருமுன், அமைப்புகளில் சேமித்த படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘விண்டோஸ் அம்சங்கள்’ என்ற பட்டியலில் ரீகோலுக்கு எதிரேயுள்ள சரிக்குறியை எடுத்து, யந்திரத்தை ஒருமுறை நிறுத்தித் தொடக்குங்கள், ஒன்ட்ரைவின் கோப்புறைப் பிரதியையும் அப்போதே நிறுத்துங்கள். இரண்டும் செய்ய ஒரு தேநீர் ஆறும் நேரம்கூடப் பிடிக்காது.